எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள்?

மதிப்பிற்குரிய ஐயா,

டோக்கியோவில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சென்ற சனிக்கிழமை அலுவலக நண்பர் ஒருவர் கோயென்ஜியில் ஒரு நிலவறை அரங்குக்கு அழைத்துப்போனார். ஒரே இரவில் ஐந்து கராஜ் ராக் குழுக்கள். மெருகில்லாமல், கரடுமுரடாக, சத்தமாக வாசிக்கும் ராக் வகையாம். வாசலில் இருந்த பெண் "எந்த பேண்டைப் பார்க்க வந்தீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஒரு பெயரும் தெரியாது. நண்பர் ஏதோ சொல்ல, அவர் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டார். டிக்கெட்டுக்கு மேல் 600 யென் கொடுத்து ஒரு பானம் வாங்கியே ஆகவேண்டுமாம்.

முதல் குழு ஏறியபோது கேட்க பத்துப் பேர்கூட இல்லை. பாடியது ஜப்பானியமா ஆங்கிலமா என்றே பிடிபடவில்லை. ஐந்து குழுவும் கிட்டாரில் அதே மூன்று கார்டுகளைத்தான் (சுரக்கூட்டுகளை) போட்டு அடித்ததாகத் தோன்றியது. நான்காவது குழுவின் பாடகர் ஒரு பாட்டில் முன்கூட்டியே நுழைந்து, அசடு வழிந்து, நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். அந்த இரவில் கூட்டம் அதிகமாகக் கத்தியது அதற்குத்தான்! இரண்டு நாள் காதில் ரீங்காரம்.

சிறுவயதில் மிருதங்கம் கற்றவன் நான். தப்பை ரசிக்கும் சபையை இப்போதுதான் பார்க்கிறேன். வாசிக்கத் தெரியாததே ஒரு இசை வகை ஆகிவிடுமா? நண்பர் அடுத்த மாதமும் கூப்பிடுகிறார். போகலாமா?

ர.

அன்புள்ள ர,

முதலில் காது. 85 டெசிபல் சத்தத்தில் நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனத்தின் கணக்கு. அதற்குமேல் 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதி பாதியாகும். 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். கூரை தாழ்ந்த நிலவறை என்றால் முதல் குழு இறங்குவதற்குள் உங்கள் பங்கு தீர்ந்திருக்கும். இசைக்காரர்களுக்கென்றே விற்கும் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள், பஞ்சு போதாது. ரீங்காரம் இன்னும் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், அடுத்த மாதத்தைப் பிறகு யோசிக்கலாம்.

வாசலில் கேட்டது உபசாரத்துக்கு அல்ல, கணக்குக்கு. நீங்கள் போனது போன்ற சிறு இசையரங்குகளை ஜப்பானில் லைவ் ஹவுஸ் என்பார்கள். அவை பலவற்றில் ஒவ்வொரு பேண்டின் தலையிலும் இத்தனை டிக்கெட் என்று கட்டிவிடுவார்கள். நோருமா என்பார்கள். விற்காத டிக்கெட்டுக்கு பேண்ட் கைக்காசு போடவேண்டும். உங்கள் நண்பர் சொன்ன பெயருக்கு நேரே விழுந்த கோடு அந்தக் குழுவின் கடனில் ஒன்றைக் குறைத்தது. பானமும் அப்படித்தான். இந்த அரங்குகளில் பல உணவகமாக உரிமம் பெற்று நடப்பவை, ஆகவே உங்களுக்கு எதையாவது விற்றாகவேண்டும். நோருமா எனக்குப் பிடிக்காது. மேடை ஏறுகிறவனிடமே ஏறுவதற்குக் காசு வாங்கும் ஏற்பாட்டுக்கு என்ன பூச்சு பூசினாலும் ஒட்டாது. ஆனால் டோக்கியோ வாடகையில் ஓர் அறை பெயர் தெரியாத ஐந்து குழுக்களுக்குச் சனிக்கிழமை இரவு திறந்திருக்கிறதே, அது இந்தக் காசில்தான்.

அந்தப் பத்துப் பேர் யார் என்று கவனித்தீர்களா? பெரும்பாலும் மற்ற நான்கு குழுக்காரர்களாகத்தான் இருக்கும். கதவு திறக்குமுன் நடக்கும் சவுண்ட் செக்கை, அதாவது ஒலியைச் சரிபார்க்கும் ஒத்திகையை, தலைகீழாக நடத்துவார்கள். கடைசியில் வாசிக்கப்போகும் குழு முதலில், முதல் குழு கடைசியில். அப்போதுதான் முதல் குழுவின் அமைப்பைக் கலைக்காமல் அப்படியே கதவைத் திறக்கலாம். டிரம்ஸும் ஆம்ப்களும் (கிட்டார் ஒலிபெருக்கிகள்) அரங்கினுடையவை, எல்லோருக்கும் பொது. டிரம்மர் ஸ்னேர் என்ற சிறு டிரம்மையும் சிம்பல் என்ற உலோகத் தாளத்தையும் மட்டும் தூக்கிக்கொண்டு வருவார், கிட்டார்காரர் ஒலியை மாற்றும் பெடல்களை. குழுவுக்கு அரை மணி நேரம், நடுவில் பத்துப் பதினைந்து நிமிடம். ஆக, மதியத்திலிருந்தே ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். நீங்கள் நுழைந்தபோது அது பாதி நடந்து முடிந்த ஒன்று. பிரதான வித்வான் எப்போது வருவார் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இனி அந்தத் தப்பு. 1963 ஏப்ரலில் கிங்ஸ்மென் என்ற குழுப் பையன்கள் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 'லூயி லூயி'யைப் பதிவு செய்தார்கள். அதற்கு ஆறு ஆண்டு முன்பு ரிச்சர்ட் பெர்ரி வெளியிட்ட பாட்டு, ஊரெல்லாம் வாசித்துத் தேய்ந்தது. மைக் உயரத்தில் தொங்கியது, பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்தவேண்டியிருந்தது. கிட்டார் தனி வாசிப்பு முடிந்ததும் அவர் ஒரு கணம் முந்தி நுழைந்துவிட்டார். தவறு புரிந்து சட்டென்று நிறுத்த, டிரம்மர் ஒரு உருட்டு உருட்டி இடைவெளியை மூடினார். அப்படியே வெளியிட்டார்கள். பாட்டு அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போயிற்று. பின்னால் அதை வாசித்த குழுக்கள் அந்த முந்திய நுழைவையும் சேர்த்தே வாசித்தன. உங்கள் நான்காவது குழு பாடியது எந்தப் பாட்டு என்று எனக்குத் தெரியாது. நண்பரிடம் விசாரியுங்கள், அது தப்பாகவே இல்லாமலிருக்கவும் இடமுண்டு.

சொல் புரியவில்லை என்கிறீர்கள். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.க்கும் புரியவில்லை. 'லூயி லூயி'யில் ஆபாசம் இருக்கிறது என்று புகார் போனதும், இசைத்தட்டைப் பல வேகங்களில் ஓட்டிக் கேட்டு, என்ன பாடுகிறார் என்று சொல்லமுடியவில்லை என எழுதிக் கோப்பை மூடினார்கள். அந்த விசாரணைக் குறிப்புகள் இன்று யாரும் படிக்கக் கிடைக்கின்றன. சிரிக்க விரும்பினால் படியுங்கள்.

வாசிக்கத் தெரியாமை பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. அமெரிக்காவின் டகோமா நகரத்து சோனிக்ஸ் குழுவினர் நன்றாகவே வாசிக்கத் தெரிந்தவர்கள். 1965இல் வந்த முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே மைக் வைத்து, ஒலியளவு மானியின் முள் சிவப்பைத் தாண்டி ஓட விட்டார்கள். அந்த இரைச்சல் அவர்கள் தேர்ந்தெடுத்தது. டெட்ராய்டின் கோரீஸ் குழுவினர் 1986இல் தொடங்கியபோது உண்மையிலேயே கற்றுக்குட்டிகள். பேஸ் கிட்டார் கிடையாது, டிரம்மர் பெக்கி ஓ'நீல் சிம்பல் இல்லாமலே அடிப்பார். தெரியாததை ஒதுக்கிவிட்டுத் தெரிந்த இரண்டை மட்டும் அழுத்திப் பிடித்தார்கள். கேட்டால் எலும்பு தெரியும். மிருதங்கம் கற்றவர் கிட்டாரை விட்டுவிட்டு ஒரு குழு முழுக்க டிரம்மரின் வலக்கையை மட்டும் பாருங்கள். உருப்படிகளும் கோர்வைகளும் அங்கே கிடைக்காது. ஒரே அடியை மூன்று நிமிடம் தளராமல், வேகம் ஏறாமல் கொண்டுபோகிறவர் யார், ஏறிவிடுகிறவர் யார் என்பதில்தான் நல்ல குழுவும் மோசமான குழுவும் பிரிகின்றன. அன்றைய ஐந்தில் இரண்டாவது மோசமாக இருந்திருக்கும். எப்போதும் அப்படித்தான்.

இது ஜப்பானுக்கு நேற்று வந்ததும் அல்ல. அதே டகோமாவிலிருந்து கிளம்பிய வெஞ்சர்ஸ் குழு 1965இல் ஜப்பானில் சுற்றியபோது பையன்கள் எலக்ட்ரிக் கிட்டாருக்குப் பித்தானார்கள். அந்தக் கிட்டாருக்கு அங்கே எலெக்கி என்று பெயர். அஷிகாகா நகரக் கல்வி வாரியம் அந்த ஆண்டே மாணவர்களுக்கு அதைத் தடை செய்தது. 1993இல் டோக்கியோவின் கிட்டார் வுல்ஃப் குழுவின் தட்டைத் தன் முதல் வெளியீடாகப் போட்டது மெம்பிஸின் கோனர் என்ற சிறு நிறுவனம். அமெரிக்கா அனுப்பியதை இன்னும் கரடுமுரடாக்கித் திருப்பி விற்றார்கள் என்று சொல்லலாம். அந்தக் குழுவின் செய்ஜி கூட்டத்திலிருந்து யாரையாவது மேடைக்கு இழுத்துக் கழுத்தில் கிட்டாரை மாட்டிவிடுவார். வாசிக்கத் தெரியுமா என்று கேட்கமாட்டார்.

போங்கள். கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். மேடைக்கு முன்னால் வேண்டாம், அறையின் பின்புறம் ஒலிக்கலவை மேசை இருக்கும், அதன் பக்கத்தில் நில்லுங்கள். அங்கே நின்று கேட்டுத்தான் அவர்கள் ஒலியைச் சரிசெய்கிறார்கள், ஆகவே பாடகரின் குரலும் அங்கேதான் கொஞ்சமாவது பிரிந்து கேட்கும்.

அன்புடன்.