ஆறு வயதுக் குழந்தையுடன் கப் ஸ்கௌட் குடும்ப முகாமுக்குப் போகலாமா?

நியூ ஜெர்சியில் வசிக்கும் நீங்கள், முதல் வகுப்பில் படிக்கும் உங்கள் மகனின் கப் ஸ்கௌட் (சிறுவயதுச் சாரணர்) குழு இந்தக் கோடையில் இரண்டு இரவுகள் தங்கும் குடும்ப முகாமுக்கு அழைத்திருப்பதாகவும், வீட்டில் யாருமே கூடாரத்தில் படுத்துப் பழகியதில்லை என்றும், நீச்சல், சைவ உணவு, பூச்சிக்கடி என்று பல தயக்கங்கள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இதே மாநிலத்தில் என் மகளையும் அவளுக்குப் பின் மகனையும் இந்த அமைப்பில் சேர்த்து, கோடைதோறும் குடும்பமாக முகாமுக்குச் சென்று வருபவள் என்ற முறையில் சொல்கிறேன்: தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் அங்கே பெற்றோராகிய நாம் எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு போங்கள். மற்ற தயாரிப்புகள் எல்லாம் அதற்கு அடுத்தவைதான்.

சாரணர் இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படும் 1907ஆம் ஆண்டின் பிரவுன்சீ தீவு முகாமை இயக்கத்தின் நிறுவனர் பேடன் பவல் வளர்ந்த சிறுவர்களுக்காகவே நடத்தினார். அவர்களுடைய தம்பிகளும் சேர ஆசைப்பட்டதால், 1916இல் சிறுவயதினருக்கெனத் தனிப் பிரிவு பிரிட்டனில் உருவாயிற்று. அமெரிக்காவில் அது 1930இல் கப் ஸ்கௌட் என்ற பெயரில் வந்தது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் குருளையர் என்று அழைக்கப்படும் பிரிவு இதற்கு இணையானது. அமெரிக்கக் கப் ஸ்கௌட்டில் 2018 முதல் பெண் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பாய் ஸ்கௌட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற தாய் அமைப்பின் பெயரும் 2025 பிப்ரவரியில் ஸ்கௌட்டிங் அமெரிக்கா என்று மாறியது. உங்கள் மகன் இருக்கும் முதல் வகுப்புப் பிரிவுக்கு டைகர் என்று பெயர். இந்தப் பிரிவில் ஒவ்வொரு குழந்தையுடனும் பெரியவர் ஒருவர் உடன் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே, குழந்தையைத் தனியே காட்டில் விட்டுவிட்டு வருவதாக நினைத்துக் கலங்க வேண்டியதில்லை. அவன் உங்கள் கூடாரத்தில்தான் தூங்குவான். இன்னொரு குழந்தையின் பெற்றோருடன் அவன் ஒரே கூடாரத்தில் தங்குவதை விதிகளே அனுமதிப்பதில்லை. எந்த நிகழ்வாயினும் பதிவு செய்த பெரியவர்கள் குறைந்தது இருவர் இருக்க வேண்டும் என்பதும், பெரியவர் ஒருவர் வேறொருவர் குழந்தையுடன் தனித்திருக்கக் கூடாது என்பதும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படுகின்றன. குழந்தைகள் எங்கே போனாலும் இருவராகவோ மூவராகவோ சேர்ந்தே போக வேண்டும் என்பதையும் முதல் நாளிலேயே பழக்கிவிடுகிறார்கள்.

இப்போது நான் முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். நம் வீடுகளில் குழந்தைக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதும், சோற்றைப் பிசைந்து ஊட்டுவதும், பையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசல்வரை போவதும் அன்பின் இயல்பான வெளிப்பாடுகள். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் முகாமின் ஒவ்வொரு வேலையும் ஆறு வயதுக் கைகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும்போது, அங்கேயும் நாம் முந்திக்கொண்டு செய்துவிட்டால், குழந்தை வெறும் பார்வையாளனாகத்தான் வீடு திரும்பும்.

என் மகள் டைகர் பிரிவில் இருந்தபோது கூடாரத்தின் முளைகளை அடிக்கும் வேலை அவளுக்குக் கொடுக்கப்பட்டது. முளையை நேராக அடித்தால் காற்றில் பிடுங்கிக்கொண்டு வரும் என்றும், கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தலை சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும் என்றும் குழுத் தலைவர் ஒருமுறை காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். அவள் ரப்பர்ச் சுத்தியலை இரண்டு கைகளாலும் பிடித்து அடித்தாள். பாதி அடி முளையில் விழுந்தது, பாதி அடி மண்ணில் விழுந்தது. அடியில் கல் தட்டுப்பட்டு முளை இறங்கவில்லை. என் கணவர் எழப்போனார். பக்கத்துக் கூடாரத்துத் தந்தை, பேசாமல் இருங்கள் என்று கையால் சைகை காட்டினார். அவள் முளையைப் பிடுங்கி, நுனியை விரலால் தடவிப் பார்த்து, ஒரு சாண் தள்ளி மறுபடி குத்தி அடித்தாள். அது இறங்கியதும் அடுத்த மூலைக்குப் போனாள். பெரியவர்கள் நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கு நெடுநேரம் ஆயிற்று. வேறு எவருக்கும் அவசரமும் இருக்கவில்லை. அன்று முதல் கூடாரம் போடுவது எங்கள் வீட்டில் அவளுடைய வேலை.

உணவுக்கூடத்திலும் இதே முறைதான் இருக்கும். ஒவ்வொரு மேசையிலிருந்தும் ஒரு குழந்தை சற்று முன்னதாகப் போய்த் தட்டுகளை எடுத்து வைப்பதும், சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைப்பதும் பல முகாம்களில் வழக்கம். அந்த முறை உங்கள் மகனுக்கு வரும்போது பின்னாலேயே போகாதீர்கள்.

நீச்சலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீச்சல் தெரியாத குழந்தை ஏரியில் இறங்கக்கூடாது என்று இல்லை. முகாமில் முதல் நாளே அனைவருக்கும், பெற்றோர் உட்பட, நீச்சல் சோதனை வைத்து மூன்று நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தெரியாதவர்கள் கால் தரையில் ஊன்றும் ஆழமற்ற பகுதியிலேயே இருக்க வேண்டும். தலைக்கு மேல் ஆழமுள்ள நீரில் குதித்து, 25 அடி நீந்தி, திரும்பி வரக்கூடியவர்கள் இடைநிலை. தொடர்ந்து 100 கெஜம் நீந்தி, பின் மல்லாந்து மிதந்து காட்டுபவர்களுக்கு மட்டுமே ஆழமான பகுதி. ஒவ்வொருவரின் நிலையையும் காட்டும் வண்ண வில்லை ஒன்று கொடுத்து, நீரில் இறங்கும்போது அதைக் கரையிலுள்ள பலகையில், துணையாக வருபவரின் வில்லைக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்கிறார்கள். ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் ஊதியதும் துணைகள் இருவரும் கைகோத்து உயர்த்திக் காட்ட வேண்டும். உயிர்காப்பாளர்கள் தலைகளை எண்ணி, பலகையில் இருக்கும் வில்லைகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே விளையாட்டு தொடரும். இந்த ஏற்பாடு முகாம் ஊழியர்களுக்கு உதவியாகத்தான் இருக்கிறதே தவிர, நம் கண்ணுக்கு மாற்றாக இல்லை. குழந்தை நீரில் இருக்கும் நேரம் முழுவதும் கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். நான் மேலே சொன்ன ஒதுங்கி நிற்கும் அறிவுரை இங்கே பொருந்தாது.

வில்வித்தையும், சிறு உலோகக் குண்டுகளைக் காற்றழுத்தத்தால் சுடும் பிபி துப்பாக்கியும் இருக்கும் என்று படித்துவிட்டு நம்மவர்கள் பலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். சிறு குழந்தைகளுக்கு இவற்றைக் குழுக்கள் தாமாக நடத்த முடியாது; பயிற்சி பெற்றவர்களின் மேற்பார்வையில், கவுன்சில் என்னும் வட்டார அமைப்பு நடத்தும் முகாம்களில் மட்டுமே நடத்தலாம். வில்வித்தைக் களத்தில் எல்லாம் விசில் கணக்குத்தான். இரண்டு முறை ஊதினால் கோட்டுக்கு வர வேண்டும், ஒருமுறை ஊதினால் எய்யலாம், மூன்று முறை ஊதினால் நடந்துபோய் அம்புகளை எடுத்து வரலாம், ஐந்தோ அதற்கு மேலோ ஊதினால் அனைவரும் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். வீட்டில் பத்து முறை கூப்பிட்டாலும் வராத குழந்தைகள் அங்கே விசில் சத்தத்துக்குக் கட்டுப்பட்டு, அம்பை நாணிலிருந்து எடுத்துவிட்டு நிற்பதை நீங்களே பாருங்கள். துப்பாக்கி வேண்டாம் என்பது உங்கள் குடும்பத்தின் முடிவானால், வில்வித்தையோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்தச் செயல்பாட்டிலும் குழந்தையை ஈடுபடுத்தும் கட்டாயம் இல்லை.

உணவில் சிக்கல் பெரிதாக இருக்காது, முன்கூட்டியே சொல்லிவிட்டால். பதிவுப் படிவத்தில் சைவம் என்று குறிப்பதோடு நிறுத்தாமல், முட்டை சேர்ப்பீர்களா, இறைச்சி வேகவைத்த சாறு கலந்த சூப்பு ஆகாதா என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். இங்கே அவித்த பீன்ஸில் பன்றி இறைச்சித் துண்டு கிடப்பது சாதாரணம். நம் குடும்பங்கள் கவனிக்கத் தவறும் இன்னொன்று, இரவு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து குச்சியில் குத்தி வாட்டும் மார்ஷ்மல்லோ. கடையில் கிடைக்கும் வழக்கமான மார்ஷ்மல்லோவில் விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் இருக்கும். தாவரப் பொருள்களால் செய்த மார்ஷ்மல்லோ விற்கிறார்கள். ஒரு பொட்டலம் வாங்கிச் சென்றால், எல்லாக் குழந்தைகளும் வாட்டித் தின்னும்போது உங்கள் மகன் மட்டும் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்க நேராது. அது ஆறு வயதில் சிறிய விஷயம் அல்ல. முறுக்கும் அதிரசமும் கொண்டுபோவதென்றால் அவற்றைக் காருக்குள் பூட்டி வையுங்கள். நியூ ஜெர்சியின் வடமேற்குக் காடுகளில் கருங்கரடிகள் உண்டு, மற்ற இடங்களிலும் ரக்கூன்கள் மோப்பம் பிடித்து வரும். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட இருக்கக் கூடாது. கடலை மிட்டாய் எடுத்துச் செல்லும் முன், குழுவில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சிகளில் கொசுவைவிட நீங்கள் அஞ்ச வேண்டியது உண்ணிக்குத்தான். லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி இந்தப் பகுதியில் பரவலாக உள்ளது. அதன் இளம்பருவ உண்ணி கசகசா அளவே இருக்கும் என்பதால், கடித்தது தெரியவே தெரியாது. புல்லும் புதரும் உள்ள இடங்களில் முழுக்கால் சட்டை அணிவித்து, அதன் ஓரத்தைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். பெர்மெத்ரின் என்னும் பூச்சிகொல்லி மருந்தைத் துணிகளிலும் காலணிகளிலும் கிளம்புவதற்கு முன்பே தெளித்து நன்றாக உலரவிட வேண்டும். அது தோலில் பூசுவதற்கு உரியது அல்ல. ஒவ்வோர் இரவும் கூடாரத்துக்குள் டார்ச் வெளிச்சத்தில் காதுகளின் பின்புறம், முடியின் வேர்கள், அக்குள், தொப்புள், முழங்காலின் பின்மடிப்பு, இடுப்பு ஆகிய இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால், கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுத்து எடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. லைம் நோய்க் கிருமி உடலுக்குள் போவதற்குப் பொதுவாக உண்ணி 24 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், அன்றாடம் பார்ப்பதே பெரிய பாதுகாப்பு. வீட்டுக்குத் திரும்பிய பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சலோ விரியும் செந்தடிப்போ கண்டால், முகாமுக்குச் சென்றதைச் சொல்லி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவைப் பற்றிச் சில சொற்கள். ஜூலையிலும் விடியற்காலையில் குளிரும். அந்தக் குளிர் பெரும்பாலும் தரையிலிருந்தே ஏறுகிறது, ஆகவே ஸ்லீப்பிங் பேக்குக்கு அடியில் விரிக்கும் மெத்தைப் பாய்க்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள். பகலெல்லாம் ஓடி வியர்த்த துணியோடு குழந்தையைப் படுக்க வைக்காமல், உள்ளாடையும் காலுறையும் உட்பட எல்லாவற்றையும் உலர்ந்ததாக மாற்றிவிடுங்கள். கழிப்பறை கூடாரத்திலிருந்து தள்ளித்தான் இருக்கும். வெளிச்சம் இருக்கும்போதே அந்த வழியில் மகனுடன் நடந்து பார்த்துவிட்டு, படுக்கும் முன் ஒருமுறை அழைத்துப் போங்கள். தலையில் கட்டிக்கொள்ளும் டார்ச் அவனுக்கென்று தனியாக ஒன்று இருந்தால் இருட்டின் பயம் பாதி குறையும். படுக்கையை நனைக்கும் பழக்கம் இன்னும் இருந்தால் அதற்காக முகாமைத் தவிர்க்க வேண்டாம். மாற்றுத் துணியையும் இரவு அணையாடையையும் ஸ்லீப்பிங் பேக்கின் அடியிலேயே செருகி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் கூடாரத்துக்குள்ளேயே மாற்றிவிடலாம். இடி கேட்டால் மட்டும் கூடாரத்தை நம்பாமல் கட்டடத்துக்கோ காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடி ஓசைக்குப் பின் 30 நிமிடங்கள் கழித்தே வெளியே வர வேண்டும்.

முதல் இரவில் குழந்தை அழலாம். இரண்டாம் இரவில் அதே குழந்தை நெருப்பைச் சுற்றி நடக்கும் சிறு நாடகத்தில் மரமாகவோ கரடியாகவோ நின்றுகொண்டிருக்கும். அந்தப் பாட்டுகளும் நாடகங்களும் நமக்குப் பழக்கமில்லாதவை என்று ஓரமாக உட்கார்ந்துவிடாமல் நீங்களும் சேர்ந்து பாடுங்கள்.

சாரணர் உறுதிமொழியில் கடவுள் வருவதால் மதம் குறித்த ஐயம் உங்களுக்கு எழலாம். எந்த மதத்தவரும் தம் வழியில் நடக்கலாம் என்பதே அமைப்பின் நிலை. இந்துக் குழந்தைகளுக்குத் தர்மா என்ற சமயப் பதக்கமும் உண்டு.

மருத்துவப் படிவத்தில் ஏ, பி ஆகிய இரண்டு பகுதிகளை உங்களுக்கும் மகனுக்கும் நீங்களே நிரப்பிக் கையொப்பமிட்டால் போதும். மருத்துவர் பரிசோதித்து எழுதும் சி பகுதி 72 மணி நேரத்துக்கு மேற்பட்ட முகாம்களுக்குத்தான் தேவை. கோடையில் ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியையும் அழைத்துப் போக நினைத்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கப் ஸ்கௌட் முகாமில் இரவு தங்கப் பதிவு தேவையில்லை என்ற விலக்கு, பெற்றோருக்கும் சட்டப்படியான பாதுகாவலருக்கும் மட்டுமே பொருந்தும். மற்ற பெரியவர்கள் அமைப்பில் பதிவு செய்து, குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, குற்றப் பின்னணிச் சரிபார்ப்புக்கும் உட்பட வேண்டும். சில மாதங்களுக்காக வந்திருப்பவர்களுக்கு அது ஒத்துவருமா, ஒத்துவராவிட்டால் பகலில் மட்டும் வந்து போக அனுமதி உண்டா என்று உங்கள் குழுத் தலைவரிடம் மே மாதத்துக்குள் கேட்டுவிடுங்கள்.