சிகாகோவின் ஒன்பது குழாய்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஊரிலிருந்து வந்த பெற்றோரை சியர்ஸ் கோபுரத்தின் 103-ஆம் மாடிக்கு அழைத்துச் சென்றேன். கண்ணாடிப் பெட்டியில் நிற்கப் பயந்த அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். கட்டிய நிறுவனம் போய்விட்டது. பெயரும் வில்லிஸ் கோபுரம் என்றாகிவிட்டது. அந்தப் பெயர்மாற்றம் சரியா? ஒரு நிறுவனத்தின் அகங்காரத்துக்கு இவ்வளவு இரும்பு வேண்டுமா?

க., சிகாகோ

அன்புள்ள க.,

அம்மாவைப் பற்றிய வரியை இருமுறை வாசித்தேன். அடுத்த முறையும் அழைத்துச் செல்லுங்கள். பயம் அவருக்குப் பிடித்திருக்கும்.

பெயரை விட்டுவிடுவோம். 2009-இல் ஒரு காப்பீட்டுத் தரகு நிறுவனம் வாடகைக்கு வந்தது, பெயரையும் பெற்றது. சில்லறை வணிக நிறுவனமான சியர்ஸ் 1990-களின் தொடக்கத்திலேயே புறநகருக்குப் போய், 2018-இல் திவால் மனு கொடுத்தது. கடைக்காரர்களின் கணக்கு அது.

ஆனால் ‘இவ்வளவு இரும்பு’ என்று எழுதினீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. 1931-இல் எழுந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குத் தளப்பரப்பில் சதுர அடிக்குச் சுமார் 42 பவுண்டு எஃகு தேவைப்பட்டது. அதைவிட உயர்ந்து, 1973-இல் 442 மீட்டரை எட்டிய உங்கள் கோபுரத்துக்குச் சுமார் 33 பவுண்டு போதுமானதாக இருந்தது. அகங்காரம் இப்படியா சிக்கனம் பிடிக்கும்?

நான் கட்டடப் பொறியியல் படித்த காலத்தில், எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் இந்தக் கோபுரத்தின் தளவரைபடமாக, பக்கத்துக்கு 75 அடியாக ஒன்பது கட்டங்களை வரைந்தார். ஒவ்வொரு கட்டமும் ஒரு ‘குழாய்’, அதாவது சுற்றிலும் நெருக்கமாகத் தூண்கள் நிற்கும் சதுரக் கோபுரம். பிறகு ஒன்றும் பேசாமல் 50-ஆம் மாடியில் எதிரெதிர் மூலைகள் இரண்டையும், 66-இல் மற்ற இரு மூலைகளையும், 90-இல் மேலும் மூன்றையும் அழித்தார். எஞ்சிய இரண்டு மட்டும் உச்சிவரை சென்றன. தன் ஊழியர்களுக்குக் கீழே பரந்த தளங்களும், வாடகைக்கு விட மேலே சிறிய தளங்களும் சியர்ஸுக்குத் தேவைப்பட்டதால், அந்த வடிவம் அதற்கும் பொருந்தியது.

அவ்வளவு உயரத்தில் பெரும் எதிரி காற்று. ஒரே குழாயாகக் கட்டினால், காற்று மோதும் சுவரிலும் அதற்கு நேர் பின்சுவரிலும் மூலைத் தூண்கள் பெரும்பாரத்தை ஏற்க, நடுத் தூண்கள் சோம்பி நிற்கும். ஒன்பது குழாய்களை ஒட்டி நிறுத்தும்போது, 15 அடிக்கு ஒரு தூணாக உள்ளே குறுக்கிலும் நெடுக்கிலும் ஓடும், அடுத்தடுத்த குழாய்கள் பகிர்ந்துகொள்ளும் சட்டகங்கள் அந்த நடுத் தூண்களையும் வேலைக்கு இழுத்துவிடுகின்றன. எல்லாத் தூண்களும் உழைப்பதால் எஃகு மிச்சமாகிறது. வகுப்பில் இது புரிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பக்கத்தில் இருந்தவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்பது வேறு கதை.

கட்டடக் கலைஞர் புரூஸ் கிரஹாமுடன் சேர்ந்து இதைச் சாத்தியமாக்கிய பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான், 1929-இல் டாக்காவில் பிறந்து, 1952-இல் இல்லினாய்க்குப் படிக்க வந்தவர். 1971-இல் வங்கதேசப் போரின்போது சிகாகோவில் இருந்தபடியே தன் மக்களுக்காக நிவாரண அமைப்பு ஒன்றை நடத்தியவர். அதே காலத்தில்தான் இந்தக் கோபுரமும் வளர்ந்துகொண்டிருந்தது. 1982-இல், ஐம்பத்திரண்டே வயதில் மறைந்தார். கோபுரத்தருகே ஜாக்சன், ஃபிராங்க்ளின் சாலைகள் சந்திக்கும் முனைக்கு நகரம் அவர் பெயரைச் சூட்டியிருக்கிறது. சியர்ஸ் பெயர் போனதற்கு வருந்தும் நீங்கள், அந்தப் பலகையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

அம்மாவோடு மீண்டும் போகும்போது, சீட்டு வாங்குவதற்கு முன் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று, எந்தெந்தக் குழாய் எங்கே நின்றுவிடுகிறது என்று அவருக்குக் காட்டுங்கள்.