ஆண்டிஸ் உழவர் வீடுகள், அமேசான் ஊர் விடுதிகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

பெரு, பொலிவியா, ஈக்வடார் நாடுகளில் ஊர்க்காரர்களே நடத்தும் சுற்றுலாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். விசாவுக்குத் தூதரகத்தையும் விமானக் கட்டணத்துக்குப் பயண முகவரையும் கேளுங்கள். மற்றவற்றுக்கு நான் இருக்கிறேன்.

கேள்வி (சேலம்): அக்கா, மச்சு பிச்சு பார்த்த கையோடு ஒரு நாள் உழவர் வீட்டில் தங்க ஆசை. எங்கே போகலாம்?

உழவைப் பார்க்க வேண்டுமென்றால் பெருவின் குஸ்கோ நகருக்கு அருகே, பிசாக் ஊருக்கு மேலே இருக்கும் உருளைக்கிழங்குப் பூங்காவுக்குப் போங்கள். பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் தேடாதீர்கள். கெச்சுவா பழங்குடி ஊர்கள் சில தங்கள் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துப் பாதுகாக்கும் இடம் அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்கு ரகங்கள் அங்கே விளைகின்றன. லிமாவில் இருக்கும் சர்வதேச உருளைக்கிழங்கு மையத்துடன் 2004-இல் ஒப்பந்தம் போட்டு, கைவிட்டுப் போன பழைய ரகங்களை நோய் நீக்கிய விதைக்கிழங்காகத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன், ஜூலையில் மலைமேல் போனால் சுன்யோ என்ற உலர்கிழங்கு செய்வதைப் பார்க்கலாம். உறைபனி விழும் இரவில் சிறு கிழங்குகளைப் புல்தரையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பிவிடுவார்கள். விடியும்போது அவை கல்லாய் இறுகியிருக்கும். வெயில் ஏறி இளகியதும் வெறுங்காலால் மிதிப்பார்கள். தோல் வழன்று, உள்ளிருக்கும் நீர் விரல் இடுக்குகளில் பீறிட்டு ஓடும். சில நாட்கள் இப்படியே செய்து காயவைத்தால் சுருங்கிக் கறுத்து, ஆண்டுக்கணக்கில் கெடாத பண்டமாகிவிடும். மிதிக்க உங்களையும் அழைப்பார்கள். கால் மரத்துப்போகும், பரவாயில்லை, மிதியுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். பணம் கொடுக்குமுன், அது யார் கைக்குப் போகிறது என்று கேளுங்கள்.

கேள்வி (மதுரை): நாங்கள் சைவம். சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். டிட்டிக்காக்கா ஏரியின் அமன்டானி தீவில் பெரும்பாலும் கினோவா தானிய சூப், அவித்த கிழங்கு, பொரித்த பாலாடைக்கட்டிதான். 'கார்னே (இறைச்சி) வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும். கோழியும் மீனும் அவர்கள் கணக்கில் 'கார்னே' அல்ல. மூன்றையும் பெயர் சொல்லி மறுங்கள். சூப்பில் எலும்புச் சாறு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி (குன்னூர்): நீலகிரியில் உருளைக்கிழங்கு போடுகிறோம். அங்கிருந்து நாலு விதைக்கிழங்கு பையில் போட்டுக்கொண்டு வந்தால் என்ன?

ஐயா, நீங்களா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் மலையில் 1961-இல் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழுவின் பூர்வீகமே ஆண்டிஸ்தான். கிழங்கோடும் மண்ணோடும் ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றிய புழு அது. அதன் கூடு, பயிரே இல்லாத மண்ணிலும் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்ததும் அதனால்தான். இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றும் இல்லாமல் ஒரு கிழங்குகூடக் கொண்டுவரக் கூடாது. அந்த வயல்களில் நடந்த காலணியை அங்கேயே கழுவித் துடைத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

கேள்வி (திருச்சி): அமன்டானியில் எந்த வீட்டில் தங்குவது என்பதை ஊர்தான் முறை வைத்து முடிவு செய்கிறதாம். நன்றாகச் சமைக்கும் வீட்டுக்கும் ஏனோதானோ வீட்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் விருந்தினர்கள் என்றால், உழைப்பவருக்கு இது அநீதி இல்லையா?

இல்லை. நம் ஊரில் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துத்தானே பாய்ச்சுகிறோம்? நல்ல விவசாயிக்கு மட்டும் மடையைத் திறப்போம் என்று யாரும் சொல்வதில்லை. விருந்தினர் வரவு அங்கே உழவுக்கு மேல் கிடைக்கும் உபரி. அது ஒரே வீட்டில் தேங்கினால் ஊர் இரண்டாகிவிடும்.

மீண்டும் திருச்சி: காசு கொடுப்பவன் நான். எனக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடையாதா?

உண்டு, ஓட்டலில். ஏரிக்கரையில் இருக்கும் புனோ நகரத்துப் படகு முகவர் சிலர் உங்களைப் போலவே பேசித் தங்களுக்கு வேண்டிய வீடுகளுக்கே ஆட்களைக் கொண்டுபோகிறார்கள். கட்டணத்தில் பெரும்பகுதி கரையிலேயே நின்றுவிடுகிறது, முறையும் குலைகிறது. பக்கத்துத் தீவான டாக்கிலேயின் கதையைக் கேளுங்கள். 1970களில் பயணிகள் வரத் தொடங்கியதும், தீவுக்காரர்கள் தாங்களே படகு கட்டிப் போக்குவரத்தைக் கையில் வைத்திருந்தார்கள். 1990களில், அதிபர் ஃபுஜிமோரி ஆட்சியில், ஏகபோகம் கூடாது என்ற சட்டத்தைக் காட்டி அந்த உரிமை போனது. வெளியார் படகுகள் நுழைந்தன. பகலில் வந்து, படம் எடுத்து, சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் கூட்டம் பெருகியது. உங்கள் தேர்வு உரிமை யாருக்கு லாபம் தந்தது என்று இப்போது சொல்லுங்கள்.

கேள்வி (ஈரோடு): திருச்சிக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே? கழிப்பறை மோசமான வீட்டில் முறைக்காகத் தங்க முடியுமா?

முடியாது, தங்கவும் வேண்டாம். முறையில் சேருவதற்கே தனி அறை, சுத்தமான கழிப்பறை, போதிய போர்வை என்று வரம்பு வைக்க வேண்டும். அந்த வரம்பை ஊர் கறாராகப் பார்க்கிறதா என்று கேளுங்கள். முறையே வேண்டாம் என்பது வேறு பேச்சு.

மீண்டும் திருச்சி: போட்டி இருந்தால்தான் தரம் உயரும்.

டாக்கிலேயில் போட்டி வந்தபின் உயர்ந்தது படகுகளின் எண்ணிக்கை. இதை இத்தோடு விடுகிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (காரைக்குடி): சைவ உணவு கிடைக்குமா?

மதுரைக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அமேசானில் ஊருக்கே சொந்தமான விடுதிகள் உண்டா?

உண்டு. பொலிவியாவின் மதிதி தேசியப் பூங்காவில் இருக்கும் சலலான் விடுதி சான் ஹோசே தே உச்சுபியாமோனாஸ் ஊருடையது. ஈக்வடாரின் யசுனி தேசியப் பூங்காவில் அன்யாங்கு கிச்வா மக்கள் நாப்போ விடுதியை நடத்துகிறார்கள்; துடுப்புப் படகில்தான் போய்ச் சேர வேண்டும். பெருவின் தம்போபாத்தா ஆற்றங்கரையில் போசாதா அமசோனாஸ் விடுதி இருக்கிறது. 1996-இல் இன்ஃபியர்னோ ஊர் ஒரு தனியார் நிறுவனத்துடன் 20 ஆண்டு ஒப்பந்தம் போட்டது: லாபத்தில் ஊருக்கு 60 சதவீதம், நிறுவனத்துக்கு 40. பணம் யார் கைக்குப் போகிறது என்ற என் கேள்விக்கு எழுத்திலேயே பதில் வைத்த ஊர் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு.

காட்டுக்குப் போவோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போடுங்கள். இந்த நாடுகளிலிருந்து திரும்பும்போது இந்தியாவிலும் இலங்கையிலும் சான்றிதழ் கேட்பார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

கேள்வி (புதுச்சேரி): ஆயவாஸ்கா என்ற மயக்கம் தரும் மூலிகைக் கஷாயம் குடிக்கும் சடங்கில் கலந்துகொள்ளலாமா?

என்னிடம் கேட்காதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள். மனநல மாத்திரை சாப்பிடுவோர் கேட்கவே வேண்டாம், விலகியிருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): உயரத்தில் மூச்சு முட்டுமா? கொக்கா தேநீர் உதவுமாமே?

குஸ்கோ சுமார் 3,400 மீட்டர், டிட்டிக்காக்கா ஏரி 3,800-க்கும் மேல். இறங்கியதும் நேரே ஏரிக்கு ஓடாதீர்கள். முதலில் தாழ்வான உருபம்பா பள்ளத்தாக்கில் தங்கிப் பழகுங்கள். கொக்கா தேநீரை அங்கே குடியுங்கள், இலையைப் பெட்டியில் வைக்காதீர்கள். இங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும்.

கேள்வி (நாமக்கல்): அக்கா, டாக்கிலேயில் துணி வாங்கினால் எவ்வளவு பேரம் பேசலாம்?

பேசவே வேண்டாம். தீவின் கூட்டுறவுக் கடையில் விலை எழுதி ஒட்டியிருக்கும். அங்கே ஆண்கள்தான் தொப்பி பின்னுகிறார்கள், நடந்துகொண்டே பின்னுவார்கள். யுனெஸ்கோ போற்றிய கைவேலை அது. பத்து சோல் (பெருவின் நாணயம்) குறைத்து என்ன கட்டப் போகிறீர்கள்?

கேள்வி (திருநெல்வேலி): நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாத சைவம்...

அண்ணாச்சி, முட்டைக்கு அவர்கள் சொல் 'உவேவோ'. மறுக்கும் பட்டியலில் நான்காவதாக அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சைவம் பற்றி இனி வரும் கேள்விகளுக்குப் பதில் இல்லை.