முதல் கொள்கலன் வருமுன்: வெளிநாட்டு பிஸ்கற்றுக்கு யாழில் முகவராவது எப்படி?

கேள்வி: கொக்குவிலில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறேன். டென்மார்க்கில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா வேலை செய்யும் பிஸ்கற் கொம்பனி ஆசியச் சந்தைக்குள் வர நினைக்கிறது. இலங்கைக்கு 20 அடிக் கொள்கலன் ஒன்றை அனுப்பவும், வட மாகாண முகவர் உரிமையை எனக்குத் தரவும் சம்மதம் என்கிறார்கள். வெளிநாட்டுப் பெயர்கள் இந்தப் பக்கம் எப்படி வெல்கின்றன, எதனால் தோற்கின்றன? கையெழுத்து வைக்க முதல் நான் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: கொள்கலனை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறோம்.

ஆசியாவில் நிலைத்த வெளிநாட்டுக் கொம்பனிகள் தங்கள் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. பொதியின் அளவு, விலை, சாப்பிடும் விதம், காசு கட்டும் விதம் இவற்றை அந்தந்த ஊர் தீர்மானிக்க விட்டார்கள். சிங்கர் 1877இலிருந்து இலங்கையில் இருக்கிறது. தையல் மெசினை மொத்தக் காசு கொடுத்து வாங்க முடியாத வீட்டுக்கும் தவணைக் கட்டணம் வழி திறந்துவிட்டது. ஜப்பானில் கிட்கற் என்ற சொக்லேற்றின் பெயர் 'கட்டாயம் வெல்வாய்' என்று பொருள்படும் சொற்றொடரைப் போல ஒலித்ததால் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பண்டமானது. கொம்பனியும் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தது. மாறாக, கெலொக்ஸ் 1994இல் இந்தியாவுக்கு வந்தபோது, காலையில் சுடுபால் ஊற்றிச் சாப்பிடும் வீடுகளில் அதன் சோளச் செதில் (கோர்ன் ஃபிளேக்ஸ்) ஊறி நொய்ந்து போனது. பண்டத்தில் பிழையில்லை. குளிர்ந்த பாலுக்காகச் செய்ததைச் சுடுபால் வீட்டில் விற்றதுதான் பிழை.

உங்கள் பிஸ்கற்றுக்கு யாழ்ப்பாணத்தில் 'சுடுபால்' எது? எங்கள் கணிப்பில் மூன்று விடயங்கள்.

முதலாவது மரக்கறி நாட்கள். செவ்வாய், வெள்ளி, நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்கள், கந்தசஷ்டியின் ஆறு நாட்கள் என்று மச்சம் தொடாத வீடுகள் ஏராளம். முட்டை சேர்ந்த பட்டர் பிஸ்கற்றை அந்த நாட்களில் பிள்ளைக்குக்கூடக் கொடுக்க மாட்டார்கள். இந்தியப் பொதிகளில் மரக்கறி உணவு என்று காட்டும் பச்சைப் புள்ளியை எங்கள் சனம் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குவதைக் கடையில் நின்றாலே காணலாம். முட்டை, ஜெலற்றின் இல்லாத வகைகளை மட்டும் முதலில் கேளுங்கள். இல்லை என்பதைத் தமிழில் பொதியின் முன்பக்கத்தில் போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது வெயில். சொக்லேற் ஏறத்தாழ 34 பாகை செல்சியஸில் இளகும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றர் மூடிய லொறியில் வரும் பெட்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டும். இளகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளை படரும். அது கெட்டதல்ல, ஆனால் பூஞ்சணம் என்று நினைத்துத் திருப்பித் தருவார்கள். சொக்லேற் பூசியதை முதல் வருடம் தொடாதீர்கள்.

மூன்றாவது விமானத்தில் வரும் சூட்கேஸ். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகள் இதே மாதிரி பிஸ்கற் தகரப்பெட்டியைக் கொண்டுவந்து சும்மா கொடுக்கிறார்கள். பெயர் பரிச்சயமாவது நல்லதுதான், ஆனால் காசு கொடுத்து வாங்குவார்களா என்பது வேறு கேள்வி. பெரிய தகரப்பெட்டி இங்கே அன்பளிப்புப் பொருள். கிழமைக்குக் கிழமை ஓடுவது தேநீரோடு கடிக்கும் சிறு பக்கற். அதனால் 80–100 கிராம் பக்கற் கேளுங்கள். தகரப்பெட்டியைப் பொங்கலுக்கும் நத்தாருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

இனி விலை. டென்மார்க் விலையில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு வராதீர்கள். கடைத் தட்டு விலையில் தொடங்கிக் கழித்துக்கொண்டு போங்கள். உதாரணத்துக்கு, பொதியில் ஆகக்கூடிய சில்லறை விலை 200 ரூபா. கடைக்காரருக்கு 12 வீதம், அதாவது 24 ரூபா. மிச்சம் 176. உங்களுக்கு அதே 200இல் 8 வீதம், 16 ரூபா, மிச்சம் 160. அதற்குள் 18 வீதப் பெறுமதிசேர் வரி இருக்கிறது, 1.18ஆல் வகுத்தால் 135 ரூபா 59 சதம். லொறிக்கூலி, உடைவு, திருப்பம், அறிமுகச் செலவு என்று 15 ரூபா வைத்தால் ஏறத்தாழ 120. சரக்கின் விலை, கப்பற் கூலி, சுங்கத் தீர்வை, செஸ் என்ற மேலதிக இறக்குமதி வரி, துறைமுக விமானநிலைய அறவீடு, சமூகப் பாதுகாப்பு அறவீடு, இறக்குமதியாளரின் இலாபம் எல்லாம் இந்த 120க்குள் அடங்க வேண்டும். தீர்வை வீதம் பண்டத்தின் எச்.எஸ். இலக்கத்தை, அதாவது சுங்கம் பண்டங்களை வகை பிரிக்கும் இலக்கத்தைப் பொறுத்தது. அந்த இலக்கத்தைக் கொம்பனியிடம் வாங்கி, சுங்க முகவர் ஒருவரிடம் எழுத்தில் கணக்குக் கேளுங்கள். அடங்கவில்லை என்றால் வியாபாரம் இல்லை, அவ்வளவுதான். விளம்பரத்தால் அந்த இடைவெளியை நிரப்ப முடியாது.

ஏன் கொள்கலன் வேண்டாம் என்றோம்? இறக்குமதி உணவு நாட்டுக்குள் நுழையும்போது அதன் ஆயுட்காலத்தில் 60 வீதமாவது மீதி இருக்க வேண்டும். ஒரு வருட பிஸ்கற்றுக்கு அது 219 நாள். தொழிற்சாலைக் களஞ்சியம், கடல், துறைமுகம் மூன்றுக்கும் சேர்த்து 146 நாள்தான். 2023 இறுதியில் செங்கடல் பாதை குழம்பி, கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றி வந்தபோது இந்தக் கணக்கில் கிழமைக்கணக்காக ஓட்டை விழுந்தது. சரக்கு 219 நாளோடு வந்து, விடுவித்து யாழ்ப்பாணம் சேர மூன்று கிழமை என்றால், கையில் ஏறத்தாழ 200 நாள். மூன்று மாதத்துக்குக் குறைந்த திகதியைக் கடைக்காரர் தொட யோசிப்பார். ஆக, முழுக் கொள்கலனையும் கடைகளுக்குள் இறக்க உங்களுக்கு இருப்பது 110 நாள். பெயர் தெரியாத பிஸ்கற்றுக்கு இது காணாது. வேறு சரக்கோடு சேர்த்து இரண்டு பலகைத் தட்டு (பலற்) அளவு மட்டும் எடுங்கள். கப்பலில் ஏற்றும்போது தயாரித்து 30 நாளுக்கு மேற்படாத சரக்கு என்று எழுதி வாங்குங்கள்.

அதை 40 கடைகளில் எட்டுக் கிழமை வையுங்கள்: யாழ் நகரம், திருநெல்வேலி, சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி. மாசியில் தொடங்குவது நல்லது. நல்லூர்க் காலத்து விற்பனை வெளிநாட்டுக் காசின் விற்பனை, அதைப் பார்த்து வருடத்தைக் கணிக்கக் கூடாது. முதல் ஓடரைக் கணக்கில் எடுக்காதீர்கள், உங்கள் முகத்துக்காக எடுத்திருப்பார்கள். மூன்றாம் நான்காம் கிழமையில், நீங்கள் போகாமலே போன் பண்ணி 'இன்னும் ஒரு பெட்டி விடுங்கோ' என்று கேட்ட கடைகளை மட்டும் எண்ணுங்கள். நாற்பதில் பத்துக்குக் குறைந்தால் பொதியையோ விலையையோ மாற்றாமல் அடுத்த சரக்கு எடுக்க வேண்டாம்.

லேபலை மொழிபெயர்ப்பு நிறுவனத்திடம் கொடுத்தால் பெரும்பாலும் தமிழ்நாட்டுச் சொல்தான் வரும். அங்கே 'சர்க்கரை' என்பது எங்கள் சீனி. எங்களுக்கோ சர்க்கரை வேறு பண்டம். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று போட்டால் சீனி வருத்தக்காரர் ஒருவர் பிழையாக விளங்கக்கூடும். மாவு அல்ல மா, பட்டை அல்ல கறுவா. அச்சுக்குப் போகுமுன் நீங்களே வாசியுங்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, விலை, திகதிகள் பொதியிலேயே இருக்க வேண்டும். தனியாக ஒட்டும் ஸ்ரிக்கர் ஈரத்தில் கழன்றால் கடையில் பரிசோதனைக்கு வருபவர்களிடம் பதில் சொல்லப்போவது கடைக்காரர், பிறகு நீங்கள்.

ஒப்பந்தத்தில் விடக்கூடாதவை. காலாவதித் திருப்பம்: கடைக்காரரின் முதல் கேள்வியே 'திகதி முடிஞ்சா திருப்பி எடுப்பியளோ?' என்பதுதான். விற்பனையின் 3 வீதம் வரையிலான திருப்பத்தைக் கொம்பனி ஏற்கட்டும். நாணயம்: 2022 பங்குனியில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து ஏறத் தொடங்கி, வைகாசியில் 360ஐத் தொட்டது. ரூபா 5 வீதத்துக்கு மேல் அசைந்தால் விலையைத் திரும்பப் பேசலாம் என்று ஒரு வரி வேண்டும். எல்லை: ஐந்து மாவட்டங்களையும் பெயர் சொல்லி எழுதுங்கள். கொழும்பு இறக்குமதியாளர் வேறொருவர் என்றால், புறக்கோட்டையிலிருந்து அதே சரக்கு மலிவாக வடக்கே வந்தால் என்ன பரிகாரம் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். முடிவு: ஆறு மாத முன்னறிவித்தல், கையிலுள்ள சரக்கைத் திரும்ப வாங்கும் கடப்பாடு. சந்தையை நீங்கள் வளர்த்தபின் பெரிய கை ஒன்றுக்கு மாற்றிவிடுவதுதான் முகவர்களின் வழக்கமான நட்டம்.

வர்த்தகக் குறி கொம்பனியின் பெயரிலேயே பதியப்பட வேண்டும். உங்கள் பெயரில் பதிந்து வைக்கும் எண்ணம் வேண்டாம், உறவும் வழக்கும் சேர்ந்து கெடும். ஆனால் சரக்கு இறங்குமுன் பதியச் சொல்லி நெருக்குங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிவு 10 வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். குறிகளைப் பண்ட வகைப்படி பதிவார்கள், பிஸ்கற்றுக்கு 30ஆம் வகுப்பு. தமிழ், சிங்கள எழுத்து வடிவங்களையும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டுப் பொருட்கள் விற்கும் ஜப்பானின் முஜி கொம்பனி, துணி வகைகளுக்கு அந்தப் பெயரைச் சீனாவில் வேறொருவர் முந்திப் பதிந்துகொண்டதால், 2019இல் வழக்கில் தோற்றது.

அண்ணாவுக்கு இந்தக் கிழமை எழுத வேண்டியது நான்கு வரி: முட்டை இல்லாத வகைகளின் சேர்மானப் பட்டியல், எச்.எஸ். இலக்கம், 100 கிராம் பக்கற்றின் தொழிற்சாலை விலை, ஒவ்வொன்றிலும் ஆறு மாதிரி. மாதிரி வந்ததும் இரண்டைப் பிரித்து, இரண்டு நாள் மதிய வெயில் படும் கடை முன்தட்டில் வையுங்கள். பிறகு பால்தேத்தண்ணியோடு பத்துப் பேருக்குக் கொடுத்துப் பாருங்கள்.