மூன்றாம் முறையாக மார்பு கட்டிக்கொண்ட கடலூர்த் தங்கைக்கு

கடலூரிலிருந்து கல்யாணமாகிப் பாரிஸ் பக்கம் வந்து இன்னும் இரண்டு வருடம் ஆகவில்லை. இரட்டைப் பிள்ளை பிறந்து ஏழு வாரம். அதற்குள் மூன்றாவது முறையாக இடது மார்பு சிவந்து, கல்லாய் இறுகி, காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸ் வரை போயிருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அம்மா வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அழுத்திப் பிழியச் சொல்கிறார். மாமியார் பாலையே நிறுத்திவிட்டு மாவுப் பாலுக்கு மாறச் சொல்கிறார். கணவர் டிக்கெட் போட்டு ஊருக்கு அனுப்பிவிடலாமா என்கிறார். "யார் சொல்வதைக் கேட்பது அக்கா?" என்று எழுதியிருக்கிறாய்.

முதலில், இன்றைக்குச் செய்யவேண்டியது. பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து பார்த்த சாஜ்ஃபாமின் எண் உன்னிடம் இருக்கும். அந்த மருத்துவச்சியை உடனே அழை. அவர் கிடைக்காவிட்டால் பிரசவம் பார்த்த மருத்துவமனையின் பேறுகாலப் பிரிவை அழை. காய்ச்சல் 38.5க்கு மேல் நின்றுகொண்டு, உடம்பு தூக்கிப்போடும் அளவுக்குக் குளிர்நடுக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றி நிற்க முடியாமல் போனாலோ அவசர மருத்துவ உதவி எண்ணான 15ஐ அழைக்கத் தயங்காதே. பிரெஞ்சு வராது என்று பயப்படுகிறாய். இந்த ஒரு வரி போதும்: "ஜே லு சேன் ரூஜ், ஜே த லா ஃபியேவ்ர், ஜாலேத் தே ஜுமோ." மார்பு சிவந்திருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, இரட்டைப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறேன் என்று பொருள். இதைக் கேட்ட பிறகு மற்றதை அவர்களே கேட்பார்கள்.

நான் புதுச்சேரி நெல்லித்தோப்பில் பிறந்தவள். கணவர் வீடு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பம். பாரிஸை அடுத்த சார்செலில் குடியேறிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அங்கேதான் நானும் இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றுப் பால் கொடுத்தேன். குளிர்காலத்தைக் கழிக்க இப்போது புதுச்சேரிக்கு வந்திருக்கிறேன். கடலூர் முதுநகரில் இருக்கும் என் தம்பி மகளும் இந்த வருடம் இரட்டைப் பிள்ளை பெற்று, உனக்கு வந்த அதே பாட்டைப் பட்டாள். அதனால் பழைய வைத்தியம், புதிய வைத்தியம் இரண்டையும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

உன் அம்மா சொல்வது அவர் இட்டுக்கட்டியது அல்ல. என் காலத்தில் பிரான்சிலும் அதையேதான் சொன்னார்கள்: சூடு வை, கட்டியை நீவி விடு, மார்பைக் கடைசிச் சொட்டு வரை காலி செய். அப்போது இருந்த புரிதல், பால் குழாய் அடைத்துக்கொண்டது, தள்ளிவிட்டால் சரியாகும் என்பது. இன்று அந்தப் புரிதல் மாறிவிட்டது. தாய்ப்பால் மருத்துவத்துக்கான சர்வதேச மருத்துவர் அமைப்பு ஒன்று 2022ல் தன் வழிகாட்டுதலையே திருத்தி எழுதியது. கட்டி என்று கையில் தட்டுப்படுவது பெரும்பாலும் அடைப்பு அல்ல. பால் குழாய்களைச் சுற்றியுள்ள திசு வீங்கி அவற்றை வெளியிலிருந்து நெருக்குவதுதான் அது. சுளுக்கி வீங்கிய கணுக்காலை யாரும் போட்டுக் கசக்குவதில்லை அல்லவா, இதற்கும் அதே நியாயம். அழுத்திப் பிழிந்தால் வீக்கம் கூடும், உள்ளே சிறு இரத்தக் குழாய்கள் சிதையும். காலி செய்யக் காலி செய்ய, இன்னும் பால் வேண்டும் என்று உடம்பு எடுத்துக்கொண்டு மேலும் சுரக்கும்.

தம்பி மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வலது மார்பில் அக்குள் பக்கமாக ஆப்பு வடிவில் ஒரு சிவப்பு. கை வைத்தால் சுட்டது. கார்த்திகைப் புழுக்கத்தில் இரண்டு போர்வை போர்த்திக்கொண்டு பல் கிட்டிக் கிடந்தாள். அதற்கு முந்தைய தடவை வீட்டுக்கு வந்த ஒரு பாட்டி விளக்கெண்ணெய் தடவி நீவியதில் தோல் கன்றி நீலம் பாரித்திருந்தது. புதுச்சேரியில் பார்த்த பெண் மருத்துவர் அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது, "இனி யாரும் இதில் கை வைக்கக் கூடாது" என்பதுதான். பனிக்கட்டியை நேராக வைக்காமல் துணியில் சுற்றி, பால் கொடுத்த பிறகு சில நிமிடம் வைக்கச் சொன்னார். என்றாவது தொட வேண்டியிருந்தால் மார்பிலிருந்து அக்குளை நோக்கிப் பூனை முடியைத் தடவும் அளவுக்கு மட்டும், அதுவும் வீக்கம் வடிய. காய்ச்சலும் சிவப்பும் ஒரு நாளுக்கு மேல் நின்றதால் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு எப்போதும் போலப் பால் கொடுக்கச் சொன்னார். உன் சாஜ்ஃபாமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்வார். பாரிஸுக்கு ஒரு வைத்தியம், கடலூருக்கு ஒரு வைத்தியம் என்று இல்லை.

வலிக்குப் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். ஐபுப்ரோஃபென் பால் கொடுப்பவர்களுக்கு ஒத்துக்கொள்ளும் மருந்துதான், வீக்கத்தையும் குறைக்கும். ஆனால் தொற்று இருக்கும்போது நீயாக வாங்கிப் போடாதே, பிரான்சில் அதைக் கேட்டுத்தான் எடுக்கச் சொல்வார்கள்.

இனி, ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பது. உன் கடிதத்தில் பெருமையாக ஒரு வரி எழுதியிருந்தாய்: பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக, இராத்திரி பகலாகப் பம்ப் போட்டு ஃப்ரீசர் நிறையப் பால் சேர்த்து வைத்திருப்பதாக. எனக்குச் சட்டென்று உறைத்தது அந்த வரிதான். இரட்டைப் பிள்ளைக்குப் பால் போதாமல் போய்விடுமோ என்ற பயம் எல்லாத் தாய்க்கும் வரும். ஆனால் நீ இப்போது மூன்றாவது பிள்ளை ஒன்றுக்கும் சேர்த்துப் பால் சுரக்க வைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு நாள் அயர்ந்து தூங்கி ஒரு வேளை பம்ப் தவறினால் அந்த மிதமிஞ்சிய பால் தேங்கி, வீங்கி, அழற்சியில் போய் நிற்கிறது. பிள்ளைகள் இரண்டும் எடை கூடுகின்றன என்கிறாய். பிறகு ஃப்ரீசரை நிரப்ப வேண்டிய அவசியம் என்ன? பம்பை ஒரே நாளில் நிறுத்திவிடாதே, அதுவும் கெடுதல். ஒவ்வொரு வேளையும் எடுக்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பிறகு வேளைகளைக் குறை. எத்தனை நாளில் என்பதைச் சாஜ்ஃபாமுடன் பேசி முடிவு செய். பம்பின் வாய்க்குப்பி உன் காம்பின் அளவுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்கச் சொல். பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் காம்பில் புண் வரும். அந்தப் புண்தான் கிருமிக்கு வாசல். இறுக்கமான உள்ளாடை, ஒரே மார்பின் மேல் அழுந்தும் தூளிப்பையின் வார், குப்புறப் படுப்பது, இவற்றையும் விட்டுவிடு.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மா அனுப்பிய பக்குவப்படி பூண்டுக் குழம்பு, வெந்தயக் களி, பாரிஸில் நம்மவர் கடைகள் இருக்கும் லா ஷாப்பெல்லில் வாங்கிய சுறாவில் புட்டு என்று எல்லாம் பால் ஊறுவதற்காகவே சாப்பிடுகிறாய். உனக்குப் பால் குறைவே இல்லை. கொஞ்ச நாளைக்குச் சாதாரணச் சாப்பாடு போதும். சுறாவை மட்டும் பாலூட்டும் காலம் முழுக்க ஒதுக்கிவிடு. கடலூர்த் துறைமுகத்துக்கு அருகில் வளர்ந்தவளிடம் இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பெரிய மீனான சுறாவின் உடம்பில் பாதரசம் சேர்ந்திருக்கும் என்பதால் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் அதைத் தவிர்க்கவேண்டும் என்று பிரெஞ்சு அரசின் உணவுப் பாதுகாப்பு அமைப்பே சொல்கிறது. நெத்திலியும் மத்தியும் தாராளமாகச் சாப்பிடு.

மூன்று முறையும் இடது மார்பில் அதே இடம் என்று எழுதியிருக்கிறாய். இதை அப்படியே மருத்துவரிடம் சொல். மறுபடியும் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதே. பாலைச் சோதனைக்கு அனுப்பி எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்க முடியும். பெரும்பாலும் அது ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமியாக இருக்கும். சில வகைகள் வழக்கமான மருந்துக்கு அடங்குவதில்லை. மருந்து தொடங்கி 48 மணி நேரமாகியும் காய்ச்சல் இறங்காவிட்டாலோ, ஒரு கட்டி மட்டும் தனியாக மெத்தென்று நின்றாலோ, எகோகிராஃபி என்கிற ஸ்கேன் எடுக்கவேண்டும். உள்ளே சீழ் சேர்ந்திருந்தால் இப்போதெல்லாம் பெரும்பாலும் ஊசி வைத்தே உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். அழற்சியெல்லாம் ஆறிய பிறகும் அதே இடத்தில் கட்டியோ சிவப்போ மிஞ்சினால், பயப்படுவதற்காக அல்ல, வேறு எதுவும் இல்லை என்று உறுதி செய்வதற்காகக் கட்டாயம் ஸ்கேன் எடுக்கவேண்டும். கொடுத்த மருந்தை, காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்திவிடாதே.

அந்த மார்பின் பால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று மாமியார் பயப்படுகிறார். ஆகும். தாராளமாகக் கொடுக்கலாம். அழற்சியின்போது பாலில் உப்புச் சுவை கூடும், அதனால் ஒரு பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மற்ற பக்கத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு முயற்சி செய்.

பாலை நிறுத்துவது பற்றி. நீ நிறுத்த விரும்பினால் அது உன் முடிவு, உன்னைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இராத்திரி ஒரு வேளை மாவுப் பால் கொடுத்துவிட்டு நீ தூங்கினாலும் தாய்மை குறைந்துவிடாது. ஆனால் மார்பு வீங்கிக் காய்ச்சல் அடிக்கும் இந்த நேரத்தில் சட்டென்று நிறுத்தாதே. சீழ்க்கட்டியில் கொண்டுபோய் விடும். மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டச் சொன்னாராம் மாமியார். அந்தப் பழக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் பால் வற்றச் செய்ய மல்லிகை உதவுகிறதா என்று சோதித்து, உதவுகிறது என்று 1988ல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். அதனாலேயே இப்போது வேண்டாம் என்கிறேன். பால் கொடுத்துக்கொண்டே கொஞ்சம் குறைப்பதுதான் உனக்குத் தேவை, வற்றச் செய்வது அல்ல.

நீ படும் பாட்டில் பாதி, ஆள் துணை இல்லாததால் வருவது. தாய்வீட்டில் இருந்தால் ஒரு பிள்ளை பாட்டி மடியில், இன்னொன்று சித்தி தோளில் என்று இருக்கும். அங்கே நாலு சுவருக்குள் நீ ஒருத்தி. தூக்கம் இல்லாத உடம்பு சீக்கிரம் தேறாது. அதனால் பிரான்சில் உனக்கு உரிமையாக இருப்பதைக் கேட்டு வாங்கு. உன் கணவர் உணவகத்தில் வேலை செய்வதால் விடுப்பு கேட்டால் முதலாளி கோபித்துக்கொள்வார் என்று எழுதியிருக்கிறாய். 2021 ஜூலையிலிருந்து, இரட்டைப் பிள்ளை பிறந்த தகப்பனுக்கு 3 நாள் பிறப்பு விடுப்பு போக 32 நாள் தகப்பன் விடுப்பு உண்டு. பிள்ளை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுக்கவேண்டும், ஒரு மாதம் முன்பே முதலாளிக்குத் தெரிவிக்கவேண்டும். முறைப்படி கேட்டால் அவர் மறுக்க முடியாது. நிபந்தனைகள் பொருந்தினால் அந்த நாள்களுக்கு அரசு மருத்துவக் காப்பீடே படி தரும். பிள்ளைகள் பிறந்த சமயம் உன் கணவர் எடுத்த சில நாள் போக மிச்சம் இன்னும் இருக்கிறது. பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பச் சொல், வாயால் கேட்டு நிற்கவேண்டாம்.

உன் பகுதி பே.எம்.ஈ. நிலையத்துக்குப் போ. தாய் சேய் நலத்துக்காக 1945லிருந்து இருக்கும் அமைப்பு அது, காசு கேட்க மாட்டார்கள். பிள்ளைகளை எடை போடுவார்கள். பால் கொடுக்கும்போது பிள்ளை வாய் வைக்கும் விதத்தையும் பார்த்துத் திருத்துவார்கள். வீட்டுக்கு உதவிக்கு ஆள் வேண்டும் என்று குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை தரும் காஃப் அலுவலகத்தில் கேள். இரட்டைப் பிள்ளை என்றாலே அதற்கு விண்ணப்பிக்கலாம், தே.ஈ.எஸ்.எஃப். என்ற பயிற்சி பெற்ற பணியாளர் வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார், துணி துவைக்கவும் சமைக்கவும் கை கொடுப்பார். வருமானத்தைப் பொறுத்து மணிக்கு ஒரு சிறு தொகை கட்டவேண்டியிருக்கும். கேட்டால் மட்டுமே கிடைக்கும் உதவி இது, தானாக வீடு தேடி வராது. நம்மவர்கள் பலர் கூச்சப்பட்டே விட்டுவிடுகிறார்கள்.

ஊருக்கு வருவது பற்றி உன் கணவரிடம் சொல்: இப்போது வேண்டாம். காய்ச்சலோடு, இரண்டு கைக்குழந்தையோடு, சென்னை வரை விமானம், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணிக்கணக்காகக் கார். இடையில் பால் கொடுக்க முடியாமல் தேங்கினால் நாலாவது முறையும் வந்துவிடும். இந்தத் தடவை முழுக்கக் குணமாகி, பம்பும் குறைந்து, பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் போட்ட பிறகு தாராளமாக வா. அம்மாவை அங்கே வரவழைக்க விசா போட முடிந்தால் அது இன்னும் மேல்.

அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. வியாழக்கிழமை தம்பி மகளைப் பார்க்க முதுநகர் போகிறேன், வழியில் மஞ்சக்குப்பத்தில் இறங்கிக்கொள்கிறேன். முகவரியை எனக்குத் தனியாக அனுப்பு. ஒத்தடம், பிழிவது பற்றி நான் அம்மாவிடம் நேரில் பேசுகிறேன், தம்பி மகளையும் போனில் பேச வைக்கிறேன். நீ இன்றைக்குச் சாஜ்ஃபாமை அழைத்துவிட்டு, அவர் என்ன சொன்னார், ஸ்கேன் எழுதிக் கொடுத்தாரா என்று எனக்கு எழுது.