மேனேஜர் போன் வந்தாலே வயிறு பிசையுது, ரிப்போர்ட் எல்லாம் நார்மல்... எனக்கு என்னதான் டாக்டர்?

கேள்வி: வயசு 34. மொபைல்ல மேனேஜர் பேர் வந்தாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது, வயிறு பிசையுது. ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்துடுது. போன மாசம் ஒரு கணக்குல தப்பு பண்ணிட்டேன், எல்லார் முன்னாடியும் கத்துவாருன்னு மூணு நாள் மறைச்சு வச்சேன். ஈசிஜி, தைராய்டு, ரத்தம் எல்லாம் நார்மல். வீட்ல "எல்லாம் உன் நெனப்பு"ங்கறாங்க. நான் அவ்ளோ வீக்கா?

பதில்: இல்லம்மா, நீங்க வீக் இல்ல. ரிப்போர்ட் நார்மல்னா இதயத்துலயும் தைராய்டுலயும் கோளாறு தெரியலன்னுதான் அர்த்தம், உங்க கஷ்டம் பொய்னு இல்ல. அந்தப் பேரப் பாத்ததும் மூளை அத ஆபத்தா எடுத்துக்குது, அட்ரினலின் ஏறுது, இதயம் வேகமா அடிக்குது, வயித்துக்குப் போற ரத்தம் கொறையுது, அதான் அந்தப் பிசையல். ஆபத்து போனதும் இது அடங்கணும், உங்களுக்கு அடங்க நேரமே கெடைக்கல.

எனக்கு ரொம்ப கவலையா இருந்தது அந்த மூணு நாள்தான். எமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1990கள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து குடுக்கறதுல நடக்கற தப்புகள எண்ணிப் பாத்தாங்க, நல்லா வேலை செய்யற டீம்லதான் தப்பு அதிகமா பதிவாகியிருந்துச்சு, ஏன்னா அங்க பயமில்லாம வெளிய சொன்னாங்க. நானும் வார்டுல பாக்கறேன், "சார், இந்த டோஸ் சரியா?"ன்னு கேக்க ஒரு நர்ஸ் பயந்தா பாதிக்கப்படறது பேஷண்ட். அதனால நீங்க மறைச்சத உங்க குணக்கேடா பாக்காதீங்க, அந்த எடம் அப்படி பழக்கியிருக்கு. உலக சுகாதார நிறுவனமே 2019ல பர்ன்அவுட்ட, அதாவது வேலையால சக்தியெல்லாம் வத்திப் போறத, நோய்னு சொல்லல, சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால வர்ற நிலைன்னுதான் சொல்லுச்சு.

இப்போ செய்ய வேண்டியது. ராத்திரி ஆபீஸ் மெசேஜ் சத்தத்த அணைச்சு, போன வேற ரூம்ல வைங்க. எப்போ, என்ன சொன்னாங்க, உடம்பு என்ன பண்ணுச்சுன்னு ஒரு நோட்ல எழுதுங்க, எச்ஆர்கிட்டயோ மேனேஜருக்கு மேல இருக்கறவர்கிட்டயோ பேசறப்ப அது கைகொடுக்கும், தனியா போகாம நம்பிக்கையான ஒருத்தர கூட்டிட்டு போங்க. தூக்க மாத்திரைய நீங்களா வாங்கிப் போடாதீங்க, கண்டிப்பா வேண்டாம். ரெண்டு வாரத்துல தூக்கம் சரியாகலன்னா மனநல மருத்துவரப் பாருங்க, பேச்சு சிகிச்சை இதுக்கு நல்லாவே வேலை செய்யும். செத்துடலாம்னு ஒரு நெனப்பு எட்டிப் பாத்தா ரெண்டு வாரமெல்லாம் கணக்கு இல்ல, அன்னிக்கே வீட்ல சொல்லுங்க, அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. வீட்ல இருக்கறவங்ககிட்ட இந்தப் பதில படிக்கக் குடுங்க.