கலைக் கல்லூரியில் கண்காட்சி, உரை, கூத்து: கேள்வி பதில்

சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் ஆண்டுக் கண்காட்சிக்கும் அதையொட்டிய நிகழ்ச்சிகளுக்கும் தயாராகிறவர்களின் கேள்விகள் இவை. மாட்டுவது, விளக்குப் போடுவது, மேடை அமைப்பது எல்லாம் கடைசி இரண்டு நாளில் முடிகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் படைப்பில் சேர்ந்ததுதான் என்ற எண்ணத்தோடுதான் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எனக்கு ஒதுக்கிய சுவர் 18 அடி. கையில் 14 ஓவியம் இருக்கிறது, எல்லாம் 60 செ.மீ. அகலம். அத்தனையையும் மாட்டலாமா? (இறுதியாண்டு, ஓவியம்)

வேண்டாம் தம்பி. கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 அடி என்பது ஏறக்குறைய 550 செ.மீ. ஐந்து படம் மாட்டினால் 300 செ.மீ. போய்விடும். மீதி 250. இரண்டு ஓரத்தையும் சேர்த்து ஆறு இடைவெளி, ஒவ்வொன்றும் சுமார் 41 செ.மீ. ஒரு படத்தைப் பார்க்கும்போது பக்கத்துப் படம் கண்ணை இழுக்காமல் இருக்க இந்த அளவாவது தேவை. ஏழு மாட்டினால் இடைவெளி 16 செ.மீ.க்கு இறங்கிவிடும். அப்புறம் அது கடைச் சுவர்.

எந்த ஐந்து என்பதற்கு ஒரு வழி: பதினான்கையும் தரையில் பரப்பி, மேலே நின்று கைபேசியில் ஒரே படமாக எடுங்கள். சின்னத் திரையில் பார்த்தால் ஒரே விஷயத்தைத் திரும்பச் சொல்லும் படங்கள் உடனே தெரியும். அவற்றில் ஒன்றை மட்டும் வையுங்கள். நிறைய நாள் உழைத்த படம் என்பதற்காக எதையும் சேர்க்காதீர்கள். பார்க்க வருகிறவருக்கு உங்கள் உழைப்பு தெரியாது, படம்தான் தெரியும்.

சிறிய கோட்டோவியங்களும் அச்சுப் படங்களும் இதற்கு விலக்கு. ஒரே அளவில் இருந்தால் 5 செ.மீ. இடைவெளியில் கட்டம் கட்டி மாட்டலாம். மொத்தமும் ஒரே படைப்பாக நிற்கும்.

ஆணியை எந்த உயரத்தில் அடிப்பது? ஒவ்வொரு தடவையும் வரிசை கோணலாகிறது.

படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ.க்குள் இருக்கட்டும். ஆணிக்கான கணக்கு: நடு உயரம், அதோடு பிரேம் உயரத்தில் பாதி, அதிலிருந்து கம்பி இறக்கத்தை, அதாவது பிரேமின் மேல் விளிம்புக்கும் முதுகிலுள்ள கம்பிக்கும் நடுவே உள்ள தூரத்தை, கழிக்க வேண்டும். பிரேம் 90 செ.மீ. உயரம், கம்பி இறக்கம் 7 செ.மீ. என்றால் 150 + 45 − 7 = 188 செ.மீ. கம்பி இறக்கத்தை அளக்கும்போது விரலால் கம்பியை மேலே இழுத்துப் பிடித்து அளக்க வேண்டும். தொய்வாக விட்டு அளந்தால் மாட்டிய பிறகு படம் இறங்கிவிடும். கம்பி கட்டும் வளையமான டி-ரிங்கைப் பிரேமின் முதுகில் மேல் விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் முடுக்குங்கள். கீழே போனால் படம் முன்பக்கம் சாயும்.

கோணலுக்குக் காரணம் பெரும்பாலும் தரைதான். பழைய கட்டடங்களில் ஒரு மூலைக்கும் மறு மூலைக்கும் தரை சில செ.மீ. ஏறி இறங்கும். ஒவ்வொரு படத்துக்கும் தரையிலிருந்து அளந்தால் அந்தச் சரிவு அப்படியே சுவருக்கு ஏறும். ஒரே ஒரு இடத்தில் தரையிலிருந்து அளந்து குறித்துக்கொண்டு, கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய குழாய்) அந்த உயரத்தைச் சுவரின் மறு கோடிக்குக் கொண்டுபோய், நடுவில் நூல் கட்டுங்கள். பிறகு எல்லா அளவும் அந்த நூலிலிருந்துதான்.

பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஆணி நிற்காது, பொரிந்து கொட்டும். துறைத் தலைவரைக் கேட்காமல் டிரில் எடுக்காதீர்கள். மேலே கம்பி அல்லது பைப் ஓடுகிறதென்றால் அதிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பியில் தொங்கவிடுவதே நல்லது. அகலமான படத்துக்கு ஒரு ஆணிக்குப் பதில் இரண்டு போட்டால் காற்றில் திரும்பாது.

மேடம், காகிதத்தில் செய்த வாட்டர்கலர் படங்களில் போன மழையில் பூஞ்சை பிடித்துவிட்டது. (கும்பகோணம்)

பூஞ்சை பிடித்ததை மற்றப் படங்களிலிருந்து முதலில் பிரித்து வையுங்கள். ஈரத் துணி தொடவே கூடாது, கறை காகிதத்துக்குள் இறங்கிவிடும். நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் உலரவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே மென்மையான பிரஷால் தட்டி எடுக்கலாம். நேர் வெயிலில் போட்டால் பூஞ்சை காயும், வண்ணமும் சேர்ந்து வெளுக்கும்.

இனி பிரேம் போடும்போது கண்ணாடி காகிதத்தைத் தொடக் கூடாது. இடையில் மவுன்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும், நடுவில் வெட்டிய தடித்த அட்டை) இருந்தால்தான் கண்ணாடியில் கோக்கும் ஈரம் படத்தில் ஒட்டாது. அமிலமில்லாத போர்டாகக் கேட்டு வாங்குங்கள். பின்னால் நேரடியாக ஹார்ட்போர்டு வைத்தால் சில ஆண்டுகளில் காகிதம் பழுப்பாகும். பிரேமின் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறிய ரப்பர் அல்லது கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். வெளிச்சுவரில் வாட்டர்கலரை மாட்டாதீர்கள், மழையில் நனைவது அந்தச் சுவர்தான்.

வெளிச்சமும் முக்கியம். காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். ஸ்பாட் லைட் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில் விழுந்தால் கண்ணாடியில் பளபளப்பும் இருக்காது, பார்க்கிறவரின் நிழலும் படத்தில் விழாது.

அக்ரிலிக் படங்களைச் சென்னைக்கு வேனில் அனுப்புகிறோம். பபிள் ராப் போதுமா?

பபிள் ராப் நேராக அக்ரிலிக் மேல் படக் கூடாது. வெயிலில் நிற்கும் வேனுக்குள் அக்ரிலிக் படலம் இளகும். குமிழ்கள் வட்ட வட்டமாகப் பதிந்துவிடும், அது போகவே போகாது. முதலில் எதுவும் ஒட்டாத, சிலிக்கோன் பூசிய பேக்கிங் பேப்பர், அதன் மேல் அட்டை, அதன் மேல் குமிழ் வெளிப்பக்கம் பார்க்க பபிள் ராப். மூலைகளுக்குத் தனியாக அட்டை மடக்கிப் போடுங்கள். படங்களை முகத்துக்கு முகம், முதுகுக்கு முதுகாக நிற்கவைத்து ஏற்றுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் கீழே இருக்கும் கேன்வாஸில் பிரேம் மூலை குத்தும். எண்ணெய் ஓவியம் என்றால் மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள். தடித்த பூச்சு உள்ளே காய மாதங்கள் ஆகும். அதற்குள் வார்னிஷும் அடிக்க வேண்டாம்.

பெயர்ச் சீட்டில் என்ன இருக்க வேண்டும்? விலை போடலாமா?

பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம், அளவு. அளவில் உயரம் முதலில், பிறகு அகலம், சிற்பமானால் கடைசியில் ஆழம். 90 × 60 செ.மீ. என்றால் நெட்டைப் படம், 60 × 90 என்றால் கிடைப் படம். இதை மாற்றிப் போட்டு கண்காட்சிப் படப் பட்டியலில் அச்சாகிவிட்டால், வாங்க விரும்புகிறவர் தவறான சுவருக்கு அளவு எடுப்பார். ‘கலப்பு ஊடகம்’ என்று மட்டும் எழுதாமல் கரி, தேயிலைச் சாறு, துணி என்று பொருளைச் சொல்லுங்கள். அச்சுப் படத்தில் பதிப்பு எண்ணும் வேண்டும். 3/15 என்றால் பதினைந்து பிரதியில் மூன்றாவது. அதற்கு மேல் எடுக்கக் கூடாது.

விலையைச் சுவரில் ஒட்டாமல் மேசையில் ஒரு பட்டியலாக வையுங்கள். ஆளுக்கொரு விலை சொல்லாதீர்கள். படம் விற்றாலும் பதிப்புரிமை உங்களிடம்தான் இருக்கும். எழுதிக் கொடுத்தால் ஒழிய, இந்தியச் சட்டப்படி அது ஓவியரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுக்கும் தொடரும். வாங்கியவர் அதை நாட்காட்டியில் அச்சிட வேண்டுமானால் உங்களைக் கேட்க வேண்டும். ரசீதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வீடியோ இன்ஸ்டலேஷன் மதியத்துக்குள் நின்றுவிடுகிறது.

லேப்டாப்பில் ஓட்டுகிறீர்களா? அது தூங்கிப்போகும், அப்டேட் கேட்கும், பேட்டரி எச்சரிக்கை சுவர் முழுக்கத் தெரியும். எம்பி4 கோப்பைப் பென்டிரைவில் போட்டு, புரொஜெக்டரிலேயோ சிறிய மீடியா பிளேயரிலேயோ சுழற்சியில் விடுங்கள். புரொஜெக்டரின் தூசி வடிகட்டியை முந்தின நாளே துடைத்தால் சூட்டில் அணையாது. தூரத்துக்கும் கணக்கு உண்டு: த்ரோ விகிதம் (புரொஜெக்டர் தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 என்றால் 3 மீட்டர் அகலப் படத்துக்கு 4.5 மீட்டர் பின்னால் வைக்க வேண்டும். அறை ஒதுக்கும் முன்பே இதை அளந்துவிடுங்கள். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இன்னொரு பெட்டியைச் செருகாதீர்கள்.

சிறப்புரைக்குப் பொறுப்பாசிரியர் நான். ஸ்லைடில் தமிழ் எழுத்து சிதைந்து கட்டம் கட்டமாக வருகிறது.

பேச்சாளர் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பார், அரங்கக் கணினியில் அது இருக்காது. ஸ்லைடுகளை யூனிகோடில் மாற்றி, பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி வாங்கிவிடுங்கள். படங்களைத் தனி ஃபோல்டரில் கேளுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்தால் ஓவியத்தின் இருண்ட பகுதி எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். ஓவியம் பற்றிய உரைக்குத் திரைச்சீலை ஒலிபெருக்கியைவிட முக்கியம் என்பேன். உரை 45 நிமிடம், கேள்வி 20 நிமிடம். கேட்பவருக்கு என்று இன்னொரு மைக் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசை கேட்ட கேள்வி பின்வரிசைக்குப் போகாது, பதில் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.

பார்வையாளர்களுக்குச் சென்னைக் கல்லூரியின் வரலாற்றைப் பத்து நிமிடத்தில் சொல்லச் சொல்கிறார்கள். எங்கே தொடங்குவது?

அவர்கள் ஏற்கெனவே பார்த்ததிலிருந்து. மெரினாவில் பாறையை நெம்பும் நான்கு பேர் நிற்கும் உழைப்பாளர் சிலை எல்லாருக்கும் தெரியும். 1959இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையைச் செய்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி, பல ஆண்டுகள் இந்தக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். அங்கிருந்து பின்னால் போங்கள்: 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி, கைத்தொழிலுக்கான வரைகலைப் பயிற்சிதான் அன்றைய நோக்கம். பிறகு முன்னால் வாருங்கள்: ராய் சௌத்ரிக்குப் பின் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர், அவர் முன்நின்று 1966இல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம். பத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில் ஓவியர்கள் அந்த நிலத்தை வாங்கினார்கள் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கைத்தொழிலுக்காகத் தொடங்கிய இடத்தில் படித்தவர்கள், கைத்தொழிலாலேயே சுதந்திரமாக ஓவியம் வரைய இடம் தேடிக்கொண்டார்கள். வருகிறவர்கள் நினைவில் நிற்பது இதுதான், பெயர்ப் பட்டியல் நிற்காது.

கல்லூரி முற்றத்தில் தெருக்கூத்தும் பறையாட்டமும் வைக்கிறோம். என்னென்ன தேவை?

கூத்துக்கு 20 அடிக்கு 20 அடி சமதளம், மண் தரையானால் மிக நல்லது. சிமென்ட் தரையில் கிறுகி ஆடினால் முழங்கால் போகும், ஜமுக்காளம் விரித்தால் கால் வழுக்கும். பின்னால் பாட்டுக்காரர்களுக்கு ஒரு பெஞ்சு: ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை (ஊதும் குழல்), தாளம். ஒப்பனைக்கு வெளிச்சமும் தண்ணீரும் உள்ள அறை, மூன்று மணி நேரம் முன்பே. கிரீடமும் தோளில் கட்டும் புஜக்கட்டையும் கட்டி முடித்தவர் தாழ்ந்த கதவில் நுழைய முடியாது, அதையும் பாருங்கள். நிறம் மாறும் மேடை விளக்கு வேண்டவே வேண்டாம். முகத்தின் சிவப்பும் பச்சையும் பாத்திரத்தின் அடையாளம், நீல விளக்கு அதை அழித்துவிடும். இரண்டு பக்கமும் உயரத்தில் மஞ்சள் சாயல் உள்ள வெள்ளை விளக்கு போதும்.

விடிய விடிய ஆடுகிற கூத்தை இரண்டரை மணி நேரத்துக்குச் சுருக்க வேண்டுமானால் ஒரு மாதம் முன்பே கூத்துக் குழுவின் வாத்தியாரிடம் பேசுங்கள். எதை விடுவது என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். கோமாளியாக வந்து கதை சொல்லும் கட்டியங்காரனை வெட்டாதீர்கள், கூட்டத்துக்கும் கதைக்கும் பாலம் அவர்தான். ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்கியிருந்தாலும் இரவு 10 மணிக்குள் முடியட்டும், ஒலி மாசு விதி அது.

பறைக்கு வேறு ஏற்பாடு. தோல் ஈரக்காற்றில் தளரும், நெருப்பில் காய்ச்சினால்தான் ஓசை எழும். ஆகவே மரம், துணிப் பந்தல், ஓவிய அறை எதற்கும் அருகில் இல்லாத இடத்தில் வைக்கோல் எரிக்க அனுமதி வாங்கி, பக்கத்தில் மணல் வாளி வையுங்கள். எளிதில் தீப்பற்றும் வண்ணக் கரைப்பானான டர்பன்டைன் இருக்கும் துறைக்கு அருகே நெருப்பு கூடவே கூடாது. கலைஞர்களுக்குச் சாப்பாடும் சன்மானமும் அன்றைக்கே, கையில். ‘பில் போட்டு அடுத்த மாதம்’ என்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

உயிருள்ள மாடலை வைத்து வரைந்த ஆடையில்லாப் படங்களை மாட்டலாமா?

மாடலிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தால் மட்டும். வகுப்புக்கு உட்காரச் சம்மதித்தது பொதுக் காட்சிக்கும் சேர்த்து ஆகாது. முகம் அடையாளம் தெரிகிற படத்துக்குத் தனியாகக் கேளுங்கள்.

கடைசி நாள் கழற்றும்போது கவனிக்க வேண்டியது?

மாட்டிய வரிசைக்கு எதிர் வரிசையில், இரண்டு இரண்டு பேராக. ஒருவர் படத்தைப் பிடிக்க, மற்றவர் ஆணியிலிருந்து எடுக்க. சிற்பத்தைப் பீடத்தோடு நகர்த்தாதீர்கள், முதலில் சிற்பம், பிறகு உள்ளே இருக்கும் மணல் மூட்டை, கடைசியில் பீடம். படத்தின் முதுகில் பெயரும் திரும்பப் போக வேண்டிய முகவரியும் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஆணித் துளையில் புட்டி அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, அதே வெள்ளையை மெல்ல இரண்டு கோட் பூசுங்கள். சுவருக்கு அடித்த பெயின்டில் அரை லிட்டரை முன்பே எடுத்து வைத்திருந்தால் திட்டுத் தெரியாது.